உபவாசம் இருந்தும் எடை குறையவில்லையே, ஏன்? பெருந்தீனி, பாவம், உடல் எடை பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இது. காட்பாடியைச் சேர்ந்த சகோதரி, வயது 41. உயரம் 156 செ.மீ., எடை 78 கிலோ. மூன்று மாத சராசரி சர்க்கரை (எச்பிஏ1சி) 6.2. மெட்ஃபார்மின் ஒரு மாத்திரை போடுகிறார். வெள்ளிக்கிழமை தோறும் சபையில் உபவாச ஜெபம். கணவரும் கூடவே உபவாசம் இருக்கிறார்; அவருக்குச் சர்க்கரை நோய், காலையில் கிளிமெபிரைடு மாத்திரை. பெண்கள் ஐக்கியத்தில் ஒருவர், "உடம்பு தேவனோட ஆலயம், நீங்க அதை குடோன் ஆக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டாராம். குண்டாக இருப்பது பாவமா? லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில்) 40 நாளும் உபவாசம் இருந்தால் எடை குறையுமா? கூட்டங்களில் தட்டை நீட்டும்போது எப்படி மறுப்பது? இவை அவருடைய மூன்று கேள்விகள்.

சகோதரி, முதலில் உங்கள் வீட்டுக்காரர். அவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதிலேயே அவசரமான வரி அதுதான்.

கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு மாலை வரை வயிற்றைக் காயப்போட்டால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சு குழறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். ஜெபக் கூட்டத்தில் இதெல்லாம் வேறு விதமாகப் புரிந்துகொள்ளப்படுகிற ஆபத்து உண்டு. ஒருவர் நடுங்கி, வேர்த்து, நிலைகுலைந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் இன்னும் சத்தமாக ஜெபிப்பார்களே தவிர, விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க மாட்டார்கள். லோ சுகர் என்று சந்தேகம் வந்தாலே போதும், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துப் பரிசோதித்து, 70-க்கு மேல் ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு சாப்பாடு. அன்றைக்கு உபவாசம் முடிந்தது, தொடரக் கூடாது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று, பெயர் 'கிளிஃப்ளோசின்' என முடியும் மாத்திரைகளில் ஆபத்து வேறு வகை. பட்டினியோடு நீர்ச்சத்தும் குறைந்தால் இரத்தத்தில் அமிலம் கூடிவிடும், அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறியிருக்காது என்பதால் கண்டுபிடிப்பதும் கஷ்டம். வேலூர் வெயிலில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் உபவாசம் யாருக்குமே வேண்டாம். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் சாப்பாட்டை விட்டு உபவாசம் இருக்கவே கூடாது. உங்கள் கணவர் அடுத்த வெள்ளிக்கு முன் தன் டாக்டரிடம் "உபவாச நாளில் இந்த மாத்திரையை என்ன செய்வது" என்று கேட்கட்டும். அளவைக் குறைப்பதா, மாலைக்கு மாற்றுவதா, அன்று விட்டுவிடுவதா என்பதை டாக்டர் சொல்ல வேண்டும், சபை மூப்பர் அல்ல. கத்தோலிக்கத் திருச்சபையின் நோன்புச் சட்டமே நோயாளிகளை விலக்கி வைத்திருக்கிறது. சட்டம் கட்டுவது 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களைத்தான், அதுவும் சாம்பல் புதன், பெரிய வெள்ளி என்ற இரண்டே நாட்களில், ஒரு முழுச் சாப்பாடும் இரண்டு சிறு உணவும் அனுமதித்து. நம்முடைய சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைகளில் எழுதப்பட்ட சட்டம் இல்லாததால்தான் ஆளாளுக்கு ஒரு கடுமை ஏறிக்கொண்டே போகிறது.

இப்போது பாவம் என்ற விஷயம்.

உங்களிடம் எறியப்பட்ட "ஆலயம்" வசனம் 1 கொரிந்தியர் 6:19. அந்த அதிகாரத்தை மேலிருந்து படித்தால் பவுல் பேசுவது வேசித்தனத்தைப் பற்றி. இடுப்பளவைப் பற்றி அல்ல. சரீரம் கர்த்தருக்குரியது என்ற அடிப்படையை உணவுக்கும் பொருத்தலாம், தவறில்லை. ஆனால் அதை இன்னொருவரின் உடம்பைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பாக மாற்ற அந்த வசனம் இடம் கொடுக்கவில்லை. சாப்பாட்டு விஷயத்தில் ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்க வேண்டாம் என்று ரோமர் 14 நேராகவே சொல்கிறது. இயேசுவையே "போஜனப்பிரியன்" என்று பேசினார்கள் (மத்தேயு 11:19). அவர் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதுதான் பேசியவர்களுக்குப் பிரச்சினை.

பெருந்தீனியை வேதம் கண்டிக்கவில்லையா என்றால், கண்டிக்கிறது. நீதிமொழிகள் 23:20-21 குடியனையும் போஜனப்பிரியனையும் ஒரே வரியில் வைக்கிறது. பிலிப்பியர் 3:19 வயிற்றைத் தேவனாக வைத்துக்கொண்டவர்களைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் இன்னும் கூர்மையான இடங்கள் இரண்டு உண்டு, பிரசங்கங்களில் அவை அதிகம் வருவதில்லை. எசேக்கியேல் 16:49-இல் சோதோமின் அக்கிரமம் என்று சொல்லப்படுவது கெர்வம், ஆகாரத்திரட்சி, கவலையற்ற சுகவாழ்வு. இத்தனையும் இருந்தும் எளியவனுடைய கையை அவள் பலப்படுத்தவில்லை என்று வசனம் முடிகிறது. 1 கொரிந்தியர் 11-இல் கர்த்தருடைய பந்தியிலேயே சிலர் முந்திக்கொண்டு தின்று தீர்க்கிறார்கள், பிந்தி வருகிற ஏழை பசியோடு நிற்கிறான். பவுலுக்குக் கோபம் வருவது அங்கேதான். ஆக, வேதம் கேட்கும் கேள்விகள் இரண்டு. உணவு உன்னை ஆளுகிறதா? உன் தட்டு நிறைந்ததால் யாருடைய தட்டு காலியாகிறது? எடை மெஷினில் முள் எங்கே நிற்கிறது என்பது அந்தக் கேள்வியில் இல்லை.

6-ஆம் நூற்றாண்டில் போப் மகா கிரகோரியார் பெருந்தீனியை ஐந்து வகையாகப் பிரித்தார்: நேரத்துக்கு முன்பே தின்பது, விலை உயர்ந்ததையே தேடுவது, அளவுக்கு மீறுவது, அவசர அவசரமாக விழுங்குவது, பக்குவம் சரியில்லை என்று நுணுக்கம் பார்ப்பது. அளவு என்பது ஐந்தில் ஒன்றுதான். 50 கிலோ எடையுள்ளவர் குழம்பில் உப்பு ஒரு சிட்டிகை குறைந்ததற்காகத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால் அவரும் இந்தப் பட்டியலில் உண்டு. நம் வீடுகளில் அப்படிப்பட்டவரை யாரும் பெருந்தீனிக்காரர் என்று சொல்வதில்லை.

ஒல்லி என்பது ஆரோக்கியத்துக்கே அத்தாட்சி இல்லை, பக்திக்கு எப்படி அத்தாட்சியாகும்? இந்தியர்களின் உடம்பு பார்வைக்கு மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு கூடுதலாகச் சேரும் வாகு கொண்டது. இன்னொரு பக்கம், சிறு வயதில் ஊட்டமில்லாமல் வளர்ந்து மெலிந்த உடம்போடு வருகிற சர்க்கரை நோய் ஒன்று இருக்கிறது. அதில் இன்சுலின் சுரப்பே குறைவு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ஆய்வுகள் அதைத் தனி வகை என்று நிறுவ உதவின; 2025-இல் உலக சர்க்கரை நோய்க் கூட்டமைப்பு அதை டைப் 5 என்று ஏற்றது. சாப்பாடு கிடைக்காததால் சர்க்கரை நோய் வந்தவரும் சாப்பாடு கூடியதால் வந்தவரும் ஒரே வரிசையில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கும் ஊர் இது. எடையைப் பார்த்துப் பாவத்தை எடைபோடுவது இந்த ஊரில் ரொம்பவே பொருந்தாது.

எடை கூடுவதற்குத் தட்டு மட்டும் காரணமும் இல்லை. தைராய்டு குறைவு, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு மாத்திரைகள், ஓலான்ஸபின் போன்ற மனநல மருந்துகள், இன்சுலின், இரவுத் தூக்கக் கோளாறு என எல்லாமே எடையைக் கூட்டும். நீங்கள் குறட்டை விடுபவரா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டில் கேளுங்கள்.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். எடை 78-ஐ, மீட்டரில் உயரமான 1.56-ஆல் இரண்டு முறை வகுத்தால் 32 வரும். இதுதான் பி.எம்.ஐ., உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் எண். இந்தியர்களுக்கு 23-இலிருந்து கூடுதல், 25-இலிருந்து உடல் பருமன். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது. டேப்பைப் புடவை கட்டும் இடத்தில் வைக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்க வேண்டும்.

இனி உங்கள் வெள்ளிக்கிழமை. நீங்கள் எழுதியபடி காலை, மதியம் சாப்பாடு இல்லை. ஜெபத்துக்கு நடுவே சர்க்கரை போட்ட டீ மூன்று. மாலை ஆறு மணிக்குக் கூட்டம் முடிந்ததும் ஒரு கப் கேசரி, இரண்டு மெதுவடை. வீட்டுக்கு வந்து இரவு ஒன்பது மணிக்கு மூன்று பரோட்டா, சால்னா. தோராயமாகப் போட்டால் டீக்கு 270 கலோரி, கேசரிக்கு 300, வடைக்கு 280, பரோட்டா சால்னாவுக்கு 1000. மொத்தம் 1850. உங்கள் வயது, உயரம், எடைக்கு, பெரிய உடலுழைப்பு இல்லாத நாளில், எடை மாறாமல் இருக்கத் தேவைப்படுவதும் ஏறத்தாழ அவ்வளவுதான். உபவாச நாள் என்று பெயர், ஒரு கலோரிகூட மிச்சமில்லை. அதுவும் முழுக்க எண்ணெய், மைதா, சர்க்கரையாக, தூங்கப் போகும் நேரத்தில். மறுநாள் காலை சர்க்கரை ஏறியிருந்தால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? 12 மணி நேரம் காய்ந்த வயிறு கண்ணில் படும் முதல் இனிப்பை எடுக்கும். அதை விசுவாசக் குறைவு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உடம்பு அப்படித்தான் வேலை செய்கிறது.

40 நாளும் இதே முறையில் இருந்தால் இதே கணக்கு 40 தடவை நடக்கும். முழுப் பட்டினியாகவே இருந்தால் எடை இறங்கும். ஆனால் கொழுப்போடு தசையும் கரையும், பித்தப்பையில் கல் வரலாம், ஈஸ்டர் முடிந்த கையோடு எடை திரும்பிவிடும். எடை குறைக்கும் கருவியாக உபவாசத்தை எடுக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. இரண்டையும் கலந்தால் இரண்டுமே கெடும். எடை ஏறினால் ஜெபம் கேட்கப்படவில்லை என்று தோன்றும், எடை இறங்கினால் மற்றவர்களைப் பார்த்துப் பெருமை வரும்.

லெந்தில் ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்றால் இப்படிச் செய்யலாம். மெட்ஃபார்மின் மட்டும் போடுபவருக்கு லோ சுகர் அபூர்வம் என்றாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஒரு வேளையை மட்டும் விடுங்கள், மதியத்தை. காலையில் வழக்கமான அளவு இட்லியும் ஒரு முட்டையும். பகல் முழுவதும் தண்ணீர், தேவையென்றால் சர்க்கரை போடாத டீ. மாலையில் முடிக்கும்போது முதலில் இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு கொய்யாவோ ஒரு கிண்ணம் சுண்டலோ. 20 நிமிடம் பொறுத்து வழக்கமான இரவுச் சாப்பாடு, வழக்கமான அளவில். விட்ட வேளைக்கான அரிசியையும் பருப்பையும் அன்றே அளந்து தனியாக எடுத்து வையுங்கள். ஏசாயா 58:7 கேட்கிற உபவாசம் பசியுள்ளவனோடு ஆகாரத்தைப் பகிர்வதுதான். பிடி அரிசி எடுத்து வைக்கும் வழக்கம் உள்ள சபைகளில் இதற்குப் பாத்திரம்கூடத் தயாராக இருக்கும். அந்த ஒரு பிடியால் உங்கள் எடை குறையாது. அந்த நாளின் நோக்கம் அதுவும் அல்ல.

எடை குறைவது மற்ற ஆறு நாட்களில். அங்கே முதல் வெட்டு சோற்றில் விழ வேண்டியதில்லை; எண்ணெயிலும் டீயிலும் தொடங்குங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் நாலு லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 மி.லி., ஏறத்தாழ 300 கலோரி. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்தால் பாதி மிச்சம். இதற்கு ஒரே வழி, மாதத் தொடக்கத்தில் இரண்டு லிட்டர் மட்டும் வாங்கி, அடுப்பருகே பாக்கெட்டை வைக்காமல், சின்ன பாட்டிலில் ஊற்றிக் கரண்டியால் எடுத்து ஊற்றுவது. பாக்கெட்டிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றும் கை எப்போதும் கூடுதலாகத்தான் சாயும். அப்புறம் டீ. நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. ஒரே நாளில் நிறுத்தினால் மூன்றாம் நாளே பழையபடி ஆகிவிடும். வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி குறைத்தால் ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். எண்ணெயும் டீயும் சேர்த்து நாளைக்கு 300 கலோரி, மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. சோற்றைத் தொடவே இல்லை.

சோறு அடுத்தது. ஒரு ஆழாக்கு அரிசி சுமார் 140 கிராம். வெந்தால் 400 கிராம் சோறு. உங்களுக்கு மதியம் வேண்டியது 150 கிராம், அதாவது 200 கலோரி. ஒரு ஆழாக்கு இரண்டரைப் பேருக்கு. வீட்டில் எத்தனை ஆழாக்கு போடுகிறீர்கள் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். மீந்துபோகிற சோறு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வயிற்றுக்குத்தான் போகிறது, "வீணாக்கினா பாவம்" என்ற நினைப்பில். அளவாக வடிப்பதுதான் இதற்கு மருந்து. மீந்ததைத் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் சாப்பிடலாம், ஆனால் அது காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாக, அதற்கு மேலாக அல்ல.

தட்டில் பாதி காய்கறி. முள்ளுக்கத்தரி, சுரைக்காய், பீர்க்கங்காய், அவரை, கீரை, எதுவானாலும் சரி. உருளையும் சேனையும் காயில் சேராது, சோற்றுக் கணக்கில் சேரும். கால் பகுதி பருப்பு, முட்டை, மீன், கோழி. மீதிக் காலில் சோறு. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைப் பிறகு சாப்பிட்டால், அதே சாப்பாட்டுக்கே சர்க்கரை குறைவாக ஏறும். காலையில் ஆறு இட்லிக்குப் பதில் மூன்று, சாம்பார் தாராளமாக, ஒரு முட்டை. நாலு மணிக்கு பஜ்ஜி இருந்த இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டல். இரவு எட்டு மணிக்குள் இரண்டு சப்பாத்தியும் கூட்டும். இப்படிப் போனால் 1400-1450 கலோரிக்குள் நாள் முடியும், பசியும் தாங்கும்.

கேழ்வரகுக் களியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் "சுகருக்குக் களி நல்லது" என்று உருண்டை உருண்டையாகப் போடுகிறார்கள். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்தும் நார்ச்சத்தும் உண்டு, சரி. கலோரியில் அது அரிசிக்குச் சமம்தான், நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் சர்க்கரையும் வேகமாக ஏறும். டென்னிஸ் பந்து அளவில் ஒரு உருண்டை, கூடக் கீரை, போதும். காலையில் வெந்நீரில் தேன் கலந்து குடிப்பதும் இப்படித்தான்; ஒரு மேசைக்கரண்டி தேன் 60 கலோரி, முக்கால்வாசிக்கு மேல் சர்க்கரை. "தேனைக் கண்டுபிடித்தாயானால் மட்டாய்ச் சாப்பிடு" என்று நீதிமொழிகள் 25:16 சொல்வதை அந்த டம்ளரில் எழுதி ஒட்டலாம்.

வீட்டில் ஒரு சின்ன ஏற்பாடு செய்யுங்கள். எல்லோரும் முதலில் ஜெபம் பண்ணிவிட்டு அப்புறம் பரிமாறிக்கொள்கிறோம். அதைத் திருப்பிப் போடுங்கள். வேண்டியதை எல்லாம் தட்டில் வைத்த பிறகு ஜெபம். ஜெபம் முடிந்த பிறகு தட்டில் எதுவும் ஏறாது. எதற்காக நன்றி சொன்னீர்களோ அவ்வளவுதான் சாப்பாடு. சட்டிகளைச் சமையலறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர 20 நிமிடம் போல ஆகும். சட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதற்குள் இரண்டாம் கரண்டி விழுந்துவிடும்.

ஞாயிறு தனி நாள். திருவிருந்துக்கு முன் சாப்பிடக் கூடாது என்று வெறும் வயிற்றோடு ஆராதனைக்குப் போய், பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்து பிரியாணி அண்டாவைத் திறந்தால் யாரால் நிறுத்த முடியும்? கத்தோலிக்கரிடம் நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம்தான் கட்டுப்பாடு. சி.எஸ்.ஐ.யில் அதுகூட விதியாக இல்லை, வழக்கம்தான். ஏழரை மணிக்கு இரண்டு இட்லியும் முட்டையும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பிரியாணியை விலக்கச் சொல்லவில்லை. ஆம்பூர் பக்கத்திலேயே இருந்துகொண்டு சீரகச் சம்பாவை ஆயுசுக்கும் விடு என்றால் நடக்கிற காரியமா? 100 கிராமுக்கு 150 முதல் 200 கலோரி. 500 கிராம் பார்சல் ஒன்றை ஒரு ஆள் தனியாக முடித்தால் 750-க்கு மேல். அதை இரண்டாகப் பிரித்து, கறித் துண்டுகளை முதலில் எடுத்து, வெங்காயப் பச்சடியைக் கூடுதலாக வைத்து, அன்றிரவு சோறில்லாமல் ஒரு கிண்ணம் காய்கறி சூப்பும் முட்டையும் என்று வைத்துக்கொண்டால் வாரம் கெடாது.

மறுப்பது எப்படி என்று கேட்டீர்கள். "டயட்ல இருக்கேன்" என்று சொல்லாதீர்கள். அந்த வார்த்தை உடனே நாலு பேருடைய ஆலோசனையைக் கூட்டி வரும். "இன்னா சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கங்க" என்று நீட்டும்போது, கையில் ஏற்கனவே ஒரு டம்ளர் தண்ணீரோ பாதி வடை உள்ள தட்டோ இருந்தால் வற்புறுத்தல் பாதியாகக் குறையும். காலித் தட்டுதான் எல்லோர் கண்ணையும் உறுத்துகிறது. முதல் சுற்றில் பாதி வாங்கி மெதுவாகச் சாப்பிடுங்கள். அதற்கு மேலும் வந்தால், "சுகர் பார்டர்ல இருக்குக்கா, டாக்டர் திட்டுவாரு" என்றால் போதும், உண்மையும் அதுதான். கேசரியை மட்டும் நேராக மறுங்கள்.

சபை செய்ய வேண்டியதும் உண்டு. டீயில் சர்க்கரையைக் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைப்பதற்குச் செலவே இல்லை. கேசரிக்குப் பதில் சுண்டலோ கொய்யாவோ வைத்தால் செலவு கூடாது. இன்னொரு பரிதாபம், வீடு சந்திக்கப் போகும் ஊழியர்கள். ஒரே மாலையில் நாலு வீடு, நாலு டீ, நாலு தட்டு மிக்சர். "ஐயர் (போதகர்) வந்தா வெறும் தண்ணியா குடுக்கறது?" என்று எல்லா வீட்டிலும் இதே நினைப்பு. தண்ணீர் கொடுங்கள், ஒரு வாழைப்பழம் கொடுங்கள், அவர் ஆயுசு நீளும். முழு இரவு ஜெபமும் எடையோடு சேர்ந்த விஷயம்தான். தூக்கம் கெட்ட மறுநாள் பசியைக் கூட்டும் ஹார்மோன் ஏறும், நாக்கு இனிப்பையும் எண்ணெயையும் தேடும். மாதம் ஒரு முறை என்றால் சமாளிக்கலாம், வாரா வாரம் வேண்டாம்.

நடை: வாரம் 150 நிமிடம், ஐந்து நாள் அரை மணி நேரம். வேகம் எவ்வளவு என்றால், நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், கீர்த்தனை பாட முடியக் கூடாது. கோட்டைப் பூங்காவோ காந்தி நகர்த் தெருக்களோ, காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள். அரை மணி நடை 120-150 கலோரிதான், ஒரு வடைக்குச் சரி. ஆகவே நடந்ததற்குப் பரிசாக வடை கிடையாது. முழங்கால் வலித்தால் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிடமாகப் பிரியுங்கள்.

கடைசியாக, நீங்கள் ஓரமாகத் தொட்டுவிட்டுப் போன ஒன்று: "சில நாள் ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் நிறுத்தவே முடியாம சாப்பிடறேன், அப்புறம் அழுகிறேன்." இது போஜனப்பிரியம் அல்ல. கட்டுப்பாடு இழந்து, குறுகிய நேரத்தில், மறைவாக, வயிறு வலிக்கும் வரை சாப்பிட்டு, பிறகு குற்ற உணர்வில் வாடுவது வாரம் ஒரு முறையாவது மூன்று மாதம் நடந்தால் அதற்கு மருத்துவத்தில் பெயரும் சிகிச்சையும் உண்டு. பட்டினியும் கண்டிப்பும் இதைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகான இரவுகளில் இது அதிகமா என்று ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள். மணி, சாப்பிட்டது, அதற்கு முன் மனதில் இருந்தது, மூன்று பத்தி போதும். அதிகம் என்றால் உபவாசத்தையே இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ போவதற்கு வெட்கப்பட வேண்டாம், பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது, உங்களுக்குத் தொலைவில்லை. ஜெபிக்க நம்பகமான ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளலாம், ஆனால் சாட்சி சொல்லும் நேரத்தில் சபை நடுவே இதை எடுத்து வைக்காதீர்கள்.

இலக்கு: ஆறு மாதத்தில் ஐந்தரை கிலோ, அதாவது உங்கள் எடையில் ஏழு சதவீதம். முதல் வாரம் வேகமாக இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். ஆறாவது, எட்டாவது வாரத்தில் முள் நின்றுவிடும்; அப்போது பெரும்பாலும் எண்ணெய் அளவு மெல்ல ஏறியிருக்கும், பாட்டிலைப் பாருங்கள். எடை பார்ப்பது வாரம் ஒரு நாள், காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில், ஒரே மாதிரி உடையில். தினமும் பார்த்தால் ஒரு கிலோ ஏறி இறங்குவதைக் கண்டு மனம் ஒடியும். முள் அசையாவிட்டாலும் பலன் இருக்கிறது. சென்னையில், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தவர்களிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று ஆண்டில் சாதாரண ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவும் நடையும் மாற்றியவர்களில் 39 சதவீதம். எடையில் பெரிய மாற்றம் இல்லாமலேயே அந்த வித்தியாசம் வந்தது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை எச்பிஏ1சி பாருங்கள். இந்த முறை தைராய்டு, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனையும் இரத்த அழுத்தமும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். யாராவது தலையில் கை வைத்து ஜெபித்து "சுகமாயிற்று" என்று சொன்னாலும் மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். சுகமாகியிருந்தால் அடுத்த பரிசோதனையில் தெரியும், டாக்டரே குறைப்பார். ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் நகரவில்லை என்றால் எடைக்கான ஊசி மருந்துகள் இப்போது இந்தியாவிலும் கிடைக்கின்றன. உங்கள் பி.எம்.ஐ.க்கு அதைப் பற்றி டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை. வாந்தி, மலச்சிக்கல், தசை குறைதல், நிறுத்தினால் எடை திரும்புதல், மாதச் செலவு இத்தனையையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுவது விசுவாசக் குறைவு இல்லையென்றால் இதுவும் இல்லை.